முட்டைக்கும் கறிக்கும் ஏற்ற கோழியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரே கோழியை முட்டைக்கும் கறிக்கும் வளர்க்க எண்ணுவோர் முதலில் சேவலைக் கணக்கில் கொள்ள வேண்டும். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகவே இருக்கும். முட்டைக்கென்றே வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் சேவலுக்குச் சதை பிடிப்பதில்லை. பிராய்லர் பெட்டையை முட்டைக்காக வைத்துக்கொண்டால், அது தின்னும் தீவனத்துக்கு அது இடும் முட்டை ஈடாகாது. சேவல் கறிக்கு விலைபோக வேண்டும், பெட்டை கூட்டில் முட்டையிட வேண்டும் என்ற இரண்டும் ஓரளவுக்காவது நிறைவேறும் இனமே இருபயன் இனம்.

அமெரிக்காவில் உருவான ரோடு ஐலண்டு ரெட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வளர்ந்த சேவல் சுமார் 3.9 கிலோவும் பெட்டை சுமார் 2.9 கிலோவும் இருக்கும். முட்டை பழுப்பு நிறம். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜாவும் இவ்வகையே. அதே நிறுவனத்தின் கிராமப்பிரியா முட்டைப் பக்கம் சாய்ந்தது. நம் ஊர் நாட்டுக்கோழியான சிறுவிடை குறைவாக முட்டையிட்டாலும், அடைகாப்பதில் அதற்கு இணையில்லை.

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து வெட்டவெளியில் மேயவிடுவோர் நிறத்தையும் காலையும் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோழி பருந்தின் கண்ணில் எளிதில் படும். கலப்பு நிறமும் நீண்ட காலும் உள்ள கோழி மறைந்தும் ஓடியும் தப்பிக்கும்.

இனத்தின் பெயரைவிடக் கையால் தொட்டறிவதையே நான் பெரிதும் நம்புகிறேன். இருட்டியபின் கோழி அடைந்திருக்கும்போது பிடித்தால் அது மிரளாது. எச்சத்துவாரத்தின் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளுக்கிடையே இரண்டு விரலாவது நுழைந்து, துவாரம் அகன்று ஈரமாகவும், அடிவயிறு மெத்தென்றும் இருந்தால் அது முட்டையிடும் கோழி. கறிக்கு நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அது நீண்டு நேராக இருந்து, இருபுறமும் சதை திரண்டு, முதுகு அகன்றிருப்பது நல்லது. எலும்பு கத்தி முனைபோல் கையில் குத்தினால் அந்தச் சேவலை விட்டுவிடலாம்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மஞ்சள் கால் உள்ள இனங்களில், பெட்டை முட்டையிட முட்டையிட உடலின் மஞ்சள் நிறமி முட்டையின் மஞ்சள்கருவுக்குப் போய்விடுவதால், முதலில் எச்சத்துவாரமும் பிறகு கண்விளிம்பும் அலகும் கடைசியில் காலும் வெளுக்கும். பல மாதம் முட்டையிட்டு வெளுத்த காலை நோயென்று நினைத்து அந்தக் கோழியை விற்றுவிட்டு, முட்டையே இடாமல் பளிச்சென்ற மஞ்சள் காலோடு திரியும் கோழியை வைத்துக்கொள்வது பெரிய இழப்பு. கொண்டை சிவந்து தடித்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இக்குழப்பம் நீங்கும். கருங்கால் சிறுவிடைக்கு இந்த அடையாளம் பொருந்தாது.

ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு எந்த இனமும் விலக்கில்லை. ஆகவே ராணிக்கெட் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

வனராஜா கலப்பினம் என்பதால் அதன் முட்டையைப் பொரிக்கவைத்தால் குஞ்சுகள் தாயைப்போல் ஒரே சீராக வாரா. ஒவ்வொரு முறையும் புதுக்குஞ்சு வாங்க வேண்டும். ரோடு ஐலண்டு ரெட் தூய இனமாதலால் வீட்டிலேயே பெருக்கலாம். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் அப்பெட்டைகள் அடைக்கு உட்காருவது அரிது. அடைக்கு வந்த சிறுவிடையின் கீழ் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்தால், 21 நாளில் குஞ்சு வெளிவரும்.