ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் மின்சார ஸ்கூட்டர்

250 வாட்டுக்கும் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைந்த வேகம். இரண்டும் பொருந்தும் வண்டிக்கு மட்டும்தான் பதிவும் லைசென்சும் வேண்டாம். வேக லாக்கை எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு. தவிர, மேட்டுப்பாளையம் பக்கத்துக் கல்லாரிலிருந்து குன்னூர் ஏற்றத்தில் அந்த மோட்டார் பாதியிலேயே திணறிவிடும். ஊருக்குள் சமதளத்துக்குத்தான் லாயக்கு. மற்ற வண்டிகளுக்குப் பச்சை நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். பின்னால் உட்கார்பவரும் போட வேண்டும்.

இறங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ரீஜென் பிரேக் (வேகத்தைக் குறைத்தபடியே மோட்டார் மின்சாரம் தயாரிக்கும் பிரேக்) தரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமிருக்காது. ரீஜென் குறைந்துவிடும், அல்லது வேலையே செய்யாது. முழு பாரமும் டிஸ்க், டிரம் பிரேக்குகள் மீது விழும். சூடேறினால் பிடிப்பு தளரும். 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று வண்டியை ஆஃப் செய்து உருட்டுவது அதைவிட மோசம், ரீஜென்னும் இல்லாமல் போகும்.

குறுகலான இடத்தில் ஏறி வருபவருக்கே முதல் வழி. சத்தமில்லாத வண்டி என்பதால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்பும் ஹாரன் அடியுங்கள். மூடுபனியில் ஹை பீம் வேண்டாம், வெள்ளைச் சுவராகத்தான் தெரியும்; லோ பீமே போதும். நடைபாதையில் ஓட்டக் கூடாது, எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி.