சைபர் செக்யூரிட்டி முதுகலைக்கு வெளிநாடு போகிறீர்களா? அறையிலிருந்து தொடங்குங்கள்

அட்மிஷன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பாடத்திட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கேம்பஸ் ஹாஸ்டல் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்துக்கு உருட்டி, ஒப்புதல் கட்டத்தில் டிக் போட்டதோடு சரி. போய்ச் சேர்ந்த ஆறாவது வாரம் ஓர் இரவு என் அறைக்கு மட்டும் நெட் நின்றுபோனது. அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தது அன்றைக்குத்தான்.

நடந்தது இதுதான். பாதுகாப்பு ஓட்டைகள் உள்ள ஒரு கணினியை ஸ்கேன் செய்து, அதாவது எந்த வழிகள் திறந்திருக்கின்றன என்று தட்டிப் பார்த்து, அறிக்கை எழுத வேண்டும், மறுநாள் கெடு. லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்திருந்தேன்: ஒன்று பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காலி (Kali) லினக்ஸ், இன்னொன்று பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. அவற்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இரண்டையும் பிரிட்ஜ்டு முறையில், அதாவது ஹாஸ்டல் நெட்வொர்க்கோடு நேரடியாக இணையும்படி, விட்டிருந்தேன். ஸ்கேன் கருவியான என்மேப்பின் கட்டளையில் ஒரே ஒரு ஐபி முகவரியைக் கொடுப்பதற்குப் பதிலாக, கடைசியில் /24 சேர்த்துவிட்டேன். அதாவது 256 முகவரிகள். அத்தனையும் என் மாடியில் இருந்தவர்களுடைய லேப்டாப், போன், பிரிண்டர். பத்து நிமிடத்தில் இணைப்பு போய்விட்டது.

காலையில் ஐடி பிரிவில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?" அனுமதியில்லாமல் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தத்தோடு இணைத்த விதிகளில் தெளிவாகவே இருந்தது. எழுத்தில் விளக்கம் கொடுத்த பிறகுதான் இணைப்பு திரும்ப வந்தது. கெடுவைத் தவறவிட்டேன்.

அதைவிட என்னைக் கலக்கியது வேறொன்று. பிரிட்ஜ்டு முறை என்றால் அந்த ஓட்டைக் கணினி ஹாஸ்டல் நெட்வொர்க்கில் தனி ஆளாக நிற்கிறது என்று பொருள். அதில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் இருக்கிறது. யாரோ ரகசியமாக நுழைத்து, 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்வாசல் கொண்ட பதிப்பு அது. பயனர் பெயரின் முடிவில் :) என்ற சிரிப்புக் குறியைப் போட்டால் போதும், 6200-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல்) முழு அதிகாரத்தோடு ஒரு ஷெல், அதாவது கட்டளை கொடுக்கும் இடம், திறந்துகொள்ளும். ஆறு வாரமாக என் அறையில் அப்படி ஒரு கதவைத் திறந்து போட்டிருந்தேன்.

அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் அமைப்பில் ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் லேப்டாப்புக்குள் மட்டும் பேசும்) அல்லது இன்டர்னல் நெட்வொர்க் (மெஷின்கள் தங்களுக்குள் மட்டும் பேசும்) என்று மாற்றுங்கள். பிறகு உள்ளிருந்து ஏதாவது வெளி முகவரிக்கு பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் வரக்கூடாது. காலி லினக்ஸை அப்டேட் செய்ய நெட் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் என்ஏடி (லேப்டாப்பின் இணைப்பு வழியாக வெளியே போகும் முறை) கொடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். என்ஏடி இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஸ்கேன் செய்யாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் அது தடுக்கும், நீங்கள் அனுப்பும் ஸ்கேன் தாராளமாக வெளியே போகும். ஓட்டைக் கணினிக்கு நெட் எப்போதுமே வேண்டாம். எல்லாம் சரியாக ஓடும் நிலையில் ஒரு ஸ்நாப்ஷாட் (அதே நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) எடுத்து வைத்தால் பல இரவுத் தூக்கம் மிஞ்சும்.

லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 16 ஜிபி ரேம் இருந்தால் இரண்டு மூன்று மெஷின்களைச் சேர்த்து ஓட்டலாம். பயிற்சிக்குக் கிடைப்பவற்றில் நிறைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) சிப்புக்காகச் செய்யப்பட்டவை. ஆப்பிளின் எம் வரிசை போன்ற ஏஆர்எம் சிப்பில் அவை நேரடியாக ஓடாது. துறைக்கு ஒரு மெயில் போட்டு, லேபில் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை. ஓடிபி எல்லாம் பழைய சிம்முக்கு வருகிறதா? புது எண் வாங்கிய அன்றே நிறையக் கணக்குகளுக்கு வெளியில் நின்றுவிடுவீர்கள். மெயில், கல்லூரிக் கணக்கு என முடிந்தவற்றை எல்லாம் போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, போனோடு சேராமல் வேறு பையில் வையுங்கள். எஸ்எம்எஸ் மட்டும்தான் என்று அடம்பிடிக்கும் கணக்குகளுக்காகப் பழைய எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

அட்வான்ஸ் கட்டும் நேரம்தான் மிக ஆபத்தானது. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்றைக்குள் இதில் கட்டுங்கள், இல்லாவிட்டால் அறை போய்விடும்" என்று மெயில் வரும். அவசரப்படுத்தினாலே சந்தேகப்படுங்கள். மெயிலில் உள்ள லிங்கைத் தொடாமல், பல்கலைக்கழக முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். அங்கே உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வெளியில் வீடு தேடுகிறவர்கள், அறையை நேரிலோ நம்பகமான ஒருவர் மூலமோ பார்க்காமல் பணம் அனுப்பவே கூடாது.

ஒப்பந்தத்தில் நான் இப்போது யாருக்கும் முதலில் காட்டுவது முடிவுத் தேதியைத்தான். முதுகலையில் ஆய்வேடு கடைசியில்தான் வரும். பல ஹாஸ்டல் ஒப்பந்தங்கள் வகுப்புகளோடு முடிந்துவிடும். எழுத வேண்டிய நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது கொடுமை, என் வகுப்பிலேயே இரண்டு பேர் பட்டார்கள். அப்புறம், சுவரில் நெட் கேபிள் இணைப்பு உண்டா, நடுவில் விட்டுப் போனால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பாருங்கள். தனி அறைக்குக் கொஞ்சம் கூடுதல் செலவானாலும் இந்தப் படிப்புக்குத் தகும் என்பேன். இரவு இரண்டு மணிக்கு ஃபேன் இரைய ஓடும் லேப்டாப்போடு இன்னொருவரைத் தூங்கச் சொல்ல முடியாது.

படிப்பைப் பற்றி: நாள் முழுக்க ஹேக்கிங் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இடர் மதிப்பீடு, கொள்கை, தடயவியல் அறிக்கை என்று எழுத்து வேலை மிக அதிகம், அதில்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது. கணிதம் தெரியாமல் கிரிப்டோகிராஃபி (தகவலைக் குறியாக்கி மறைக்கும் கலை) வகுப்பில் உட்கார்ந்தால் மூன்றாவது வாரமே திணறும். வகுத்து மீதி காணும் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். எல்லோரும் கேட்கும் இடத்தில் பேசிக்கொண்டே இருவர் ஒரு பொது ரகசிய எண்ணை அடைய டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட முறையை எனக்குப் புரிய வைத்தது ஒரு காகிதமும் பேனாவும்தான். பகா எண் 23, அடிப்படை எண் 5 என்று வைத்துக்கொள்வோம். என் ரகசியம் 3: 125-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 10, அதை அனுப்புகிறேன். தோழியின் ரகசியம் 7: அவள் கணக்கில் மீதி 17, அதை எனக்கு அனுப்புகிறாள். நான் 17-ஐ மும்மடியாக்கி மீதி எடுக்கிறேன், அவள் 10-ஐ ஏழு முறை பெருக்கி மீதி எடுக்கிறாள். இரண்டு பேருக்கும் 14. பொதுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதைப் போட்ட அன்று எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆய்வேட்டுக்கு மனிதர்களைச் சோதிக்கும் தலைப்பை எடுத்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகுதான் ஒரு மெயில்கூட அனுப்பலாம். நான் ஹாஸ்டல்வாசிகளுக்குப் போலி ஃபிஷிங் மெயில் அனுப்பிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். அனுமதிக்கே வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் பொதுவில் கிடைக்கும் தரவுக்கு மாறினேன். நல்ல முடிவு. பக்கத்து அறையினர் "என் போனை உடைத்துக் காட்டு" என்று விளையாட்டாகக் கேட்டாலும் தொடாதீர்கள்.

அறைக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரத்தில், பெட்டியைப் பிரிப்பதற்கு முன், எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்: சுவர், மெத்தை, குழாய், ஜன்னல் தாழ்ப்பாள். எடுத்ததை அன்றே ஹாஸ்டல் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு அங்கே இருக்கும். காலி செய்தபோது மேசையின் இடது ஓரத்தில் இருந்த தீய்ந்த வட்டத்துக்கு என் அட்வான்ஸில் பிடிப்பதாகச் சொன்னார்கள். முதல் நாள் மெயிலைத் திரும்ப அனுப்பினேன். அந்த வாரமே முழுத் தொகையும் வந்துவிட்டது.