காலையில் திறந்திருக்கும் கண்: மையஸ்தீனியா பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்கு இடது கண் இமை சரிந்தது சாயங்காலங்களில்தான். ராத்திரி சீரியல் பார்க்கும்போது ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். மருத்துவரிடம் காட்டியதோ காலை ஒன்பது மணிக்கு. தூங்கி எழுந்த கண் முழுதாகத் திறந்திருந்தது. "வயசாகுதில்லையா, அசதிதான்" என்று அனுப்பிவிட்டார்கள். மூளை ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. நான்கு மாதம் அப்படியே போயிற்று.

மையஸ்தீனியா கிராவிஸ் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வரும் கோளாறு. நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, பெரும்பாலானவர்களுக்கு, உடலின் சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது. வேலை செய்யச் செய்ய தசை தளரும், ஓய்வு கொடுத்தால் தேறும். ஆகவே மூளை ஸ்கேன் சுத்தமாக இருப்பது இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இமை சரியும்போதே போனில் படம் எடுத்து, நேரத்தோடு காட்டுங்கள். நாங்கள் அப்படிக் காட்டிய பிறகுதான் இன்னொரு மருத்துவர், "கண்ணை எடுக்காம மேலயே பாருங்கம்மா" என்றார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமை மெல்ல மெல்ல இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றதும் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி, உடல் முழுக்கப் பாதிப்பு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேரிடம் தென்படும். கண்ணோடு நிற்கும் வகையில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் மட்டும்தான். நெகட்டிவ் வந்தால் மஸ்க் (MuSK) என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் பெரிதாக இருப்பதால் நோய் கடுமை என்று பொருளில்லை.

அதிகம் கோட்டை விடுவது நரம்பு மின்பரிசோதனையில். வழக்கமான நரம்புக் கடத்தல் பரிசோதனை இந்த நோயில் பெரும்பாலும் நார்மலாகவே வரும். வேண்டியது, ஒரே நரம்பை நொடிக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து தூண்டிப் பார்க்கும் ஆர்.என்.எஸ். தசையின் பதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறதா என்று அதில் பார்க்கிறார்கள். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் அந்தக் குறைவு மறைந்துபோகும், கையைச் சூடாக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கைத் தசையோடு நிறுத்தாமல் முகம், தோள் தசைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய்க்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் சுமார் 12 மணி நேரம் அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது, அதுவும் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால். ஆர்.என்.எஸ்ஸும் நார்மல், சந்தேகம் மட்டும் தீரவில்லை என்றால் ஒற்றைத் தசையிழை மின்பரிசோதனை (single-fibre EMG) இருக்கிறது. எல்லா ஊரிலும் கிடைக்காது என்றாலும், அலைந்தாவது செய்துகொள்ளலாம் என்பேன்.

மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் சரிவு குறைவது நல்ல தடயம். ஆனால் இமை சரிந்திருக்கும் நேரத்தில் செய்தால்தான் பயன்.

நோய் உறுதியானதும் நெஞ்சு சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பத்தில் ஒருவருக்காவது நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். நடுவில் காய்ச்சல், சளி என்று வேறு மருத்துவரிடம் போனால் மையஸ்தீனியா இருப்பதையோ, அந்தச் சந்தேகம் இருப்பதையோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் தளர்ச்சியை அதிகமாக்கும்.

எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. பேச்சு மூக்கில் ஒலிக்கிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரே மூச்சில் இருபது வரைகூட எண்ண முடியவில்லை என்றால் அப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மூச்சுத் தசை தளர்ந்து நெடுநேரம் கழித்துத்தான் அந்த எண் இறங்கும்.