வயல் எலிக்குக் கூகைப் பெட்டி

குமரி மாவட்டத்து நெல்லில் கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்தப் போகமானாலும் பயிர் கதிர்ப்பொதி கட்டும்போதுதான் எலி வெட்டு கண்ணில் படும். எலியைப் பிடித்துத் தின்னும் கூகை தங்குவதற்கு அப்போது பெட்டி செய்யத் தொடங்கினால் அந்தப் பூவுக்கு உதவாது. புதுப் பெட்டியில் கூகை குடியேறச் சில மாதங்கள்கூட ஆகலாம். முந்தின அறுப்பு முடிந்த கையோடு நட்டுவிடுங்கள். கூகை என்றால் இதய வடிவில் வெள்ளை முகம் கொண்ட ஆந்தை. சாவுக்குருவி என்று நாம் விரட்டுகிறோமே, அதுதான். அது கூடு கட்டாது. பழைய ஓட்டு வீட்டு மச்சும் மரப்பொந்தும் குறைந்துபோனதால் அதற்கு இடம்தான் பஞ்சம்.

12 மி.மீ. தடிப்புள்ள, தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை, எட்டுக்கு நாலு அடியில் ஒன்று போதும். அடிப்பலகை 60 x 45 செ.மீ. முன்பலகை 62.5 x 55, பின்பலகை 62.5 x 50. பக்கப்பலகை இரண்டும் 45 அகலம். உயரம் முன்னே 55, பின்னே 50 ஆகச் சரித்து வெட்டுங்கள். கூரை 75 x 65. முன்னால் 12 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கட்டும். கடலோர ஊர்களில் இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், எவர்சில்வர் திருகாணி போடுங்கள்.

வாசல்தான் முக்கியம். முன்பலகையில் ஒரு ஓரமாக 15 x 15 செ.மீ. ஓட்டை, அதன் கீழ்விளிம்பு அடிப்பலகையிலிருந்து 36 செ.மீ. மேலே இருக்க வேண்டும். பலரும் தாழ்வாக வெட்டிவிடுகிறார்கள். பசியில் முண்டியடிக்கும் குஞ்சுகள் அதன் வழியே கீழே விழும். ஓட்டைக்குக் கீழே உட்புறம் சின்னச் சட்டங்கள் அடித்தால், வளர்ந்த குஞ்சு பிடித்து ஏறும். வெளியே உட்காரக் குச்சி வைக்காதீர்கள். கூகைக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் வசதி. அடியில் 10 மி.மீ. துளை ஆறு, பக்கத்தில் சுத்தம் செய்யக் கீல் வைத்த கதவு. வெளிப்புறம் மட்டும் வெளிர்நிறப் பெயின்ட், உள்ளே எதுவும் பூச வேண்டாம். தரையில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மரச்சீவல் போடுங்கள். தென்னை நார்க்கழிவு ஈரம் பிடிக்கும்.

மூன்று அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 6 மீட்டர் வாங்கி, ஒரு மீட்டரை கான்கிரீட்டில் புதையுங்கள். தென்னையில் கட்டினால் தேங்காய் விழும், மரம் ஏறுபவருக்கும் இடைஞ்சல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் வாசல் கிழக்கே பார்க்கட்டும். ஐப்பசி மழைச் சாரலைக் கூரை நீட்டல் தடுக்கும். பாம்பும் மரநாயும் ஏறாமல் குழாயில் 2 மீட்டர் உயரத்தில் தகரக்கூம்பு மாட்டுங்கள். ஏலாவில், அதாவது வயல்வெளியில், 10 ஏக்கருக்கு ஒரு பெட்டி என்று தொடங்கலாம். வேட்டைக்கு உட்கார ஏக்கருக்குப் பதினைந்து கம்பு, பயிருக்கு மேலே தெரியும்படி, தலையில் குறுக்குச்சட்டத்தோடு நடுங்கள். கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பகலில் தானியம் தின்னும் குருவிகள் அதில் உட்காரும்.

இவ்வளவும் செய்துவிட்டு வரப்பில் எலி மருந்து வைத்தால் எல்லாம் வீண். புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும். விஷம் அதன் உடம்பிலும் சேரும். அதற்குப் பதில் எலி வளையில் கிட்டி என்னும் பொறி வையுங்கள்.

குடியேறியதற்கு அடையாளம் பெட்டிக்கு அடியில் கிடக்கும் கரும்சாம்பல் உருண்டைகள், கட்டைவிரல் பருமன் இருக்கும். கூகை எலியை முழுதாக விழுங்கி, முடியையும் எலும்பையும் கக்கிவிடும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு பல்லோடு கிடைக்கும். முட்டை அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். அதுவரை கதவைத் திறக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவை, தொந்தரவு செய்வது சட்டப்படியும் தப்பு. காலியானபின், வருஷத்துக்கு ஒருமுறை, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். தேனீக்கூட்டம் புகுந்திருந்தால் புகை போட்டு விரட்ட வேண்டாம், மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களைக் கூப்பிட்டால் எடுத்துப்போவார்கள்.

தென்னங்கொண்டையிலேயே வாழும் எலிக்கு இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். அதற்குத் தடியைச் சுற்றி, 2 மீட்டர் உயரத்தில், 40 செ.மீ. அகலத் தகரப்பட்டை, அதுவும் பக்கத்து மரத்து ஓலை தொடாமல் இருந்தால்தான்.