பிட் பொறுக்குகிற வேலை ஒரே இடத்தில் நடக்கட்டும்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரத்தைத் தமிழ் போர்டிலும் படிக்கலாம், மலையாள போர்டிலும் படிக்கலாம், போய்ச் சேருகிற ஊர் ஒன்றுதான். லினக்ஸ் கர்னலில் அப்படி இல்லை. ரிஸ்க்-வி பிராசசரின் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனை கேப்ரோப்ஸ் (ஓடுகிற கர்னலை இடைமறித்துப் பார்க்கிற வசதி) கோடு ஒரு மாதிரியும் டிராப் (ஓடும்போது வருகிற பிழைகளைக் கையாளுகிற) கோடு வேறு மாதிரியும் பிரித்துப் படித்தால், இங்கே திருத்திய பிழை அங்கே அப்படியே கிடக்கும்.

முதலில் கிரெப் (கோடில் தேடுகிற கருவி) போட்டு, 7 பிட் வலப்பக்கம் தள்ளி 31-ஓடு ஆண்ட் போடுகிற வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் அது ஆர்டி (விடை போய்ச் சேரும் ரெஜிஸ்டரின் எண்), அதாவது 7 முதல் 11 வரையுள்ள பிட்டுகள். உள்ளீட்டு ரெஜிஸ்டர்களில் ஆர்எஸ்1 என்றால் 15–19, ஆர்எஸ்2 என்றால் 20–24. இவற்றுக்கு ஜென்மாஸ்க் மேக்ரோவால், வேண்டிய பிட்டுகளில் மட்டும் 1 இருக்கிற ஒரு மாஸ்க் எழுதி, ஃபீல்டு கெட் மேக்ரோவால் எடுங்கள். எவ்வளவு தள்ளுவது என்பதை அதுவே மாஸ்க்கைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

தலைவலி இம்மீடியட்டில், அதாவது இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குள்ளேயே பதிந்திருக்கிற எண்ணில்தான். வேறு இடத்துக்குத் தாவச் சொல்கிற ஜால் இன்ஸ்ட்ரக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், நாலு பைட் பின்னால் தாவுவது இப்படி இருக்கும்:

1 1111111110 1 11111111 00001 1101111

இடமிருந்து பார்த்தால் இம்மீடியட்டின் 20-ஆம் பிட், அப்புறம் 10 முதல் 1 வரை, அப்புறம் 11, அதற்கப்புறம் 19 முதல் 12 வரை, பிறகு ஆர்டி, ஓப்கோடு (எந்த வகை இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது). சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரிதான். நாலு துண்டையும் சேர்த்து, சைன் எக்ஸ்டெண்டும் (சைன் பிட்டை மேலே உள்ள பிட்டுகளிலும் நிரப்புவது) செய்து தருகிற ஒரே ஒரு ஃபங்ஷன் போதும், கூப்பிடுகிறவர் தலையில் அதைக் கட்டாதீர்கள். சைன் எக்ஸ்டெண்டுக்குக் கொடுக்க வேண்டியது சைன் பிட்டின் எண்ணான 20, அகலமான 21 அல்ல. நான் ஒருமுறை 21 கொடுத்துவிட்டேன், -4 வர வேண்டிய இடத்தில் 20,97,148 வந்து நின்றது, ஒரு ராத்திரி போயிற்று.

சரி, சோதிப்பது எப்படி? பழையதையும் புதியதையும் யூசர்ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே, சாதாரண புரோகிராமாக) அருகருகே ஓட்டி ஒப்பிடுங்கள். 32 பிட்டில் ஓப்கோடின் 7 பிட் போனால் மீதி 25, மொத்தமே 3,35,54,432 சேர்க்கைகள்தான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே தப்பைச் செய்தால் இதில் தெரியாது, அதனால் சிலதையாவது ஆப்ஜ்டம்ப் என்கிற டிஸ்அசெம்ப்ளர் காட்டுவதோடு வைத்துப் பாருங்கள்.

பேட்சைப் பிரித்து அனுப்புங்கள்: புது ஹெல்பர் முதலில், பிறகு ஒவ்வொரு ஃபைலாக மாற்றம், பழைய மேக்ரோவை நீக்குவது கடைசியில். நடுவில் எங்கே நிறுத்தினாலும் பில்டு ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் பிழை நுழைந்த பேட்சைத் தேடி பைசெக்ட் போடுகிறவர் உங்களைத்தான் திட்டுவார்.