கல்லுப்பும் இரண்டு பலகையும்: நிலப்பிளவுக்குள் பாறை பொடியாவதைப் பார்க்கலாம்

அம்மியில் மிளகு அரைத்தவர்களுக்குத் தெரியும். முதல் இழுப்பில் மிளகு உருண்டு குழவியைத் தூக்கும், அடுத்து நெரியும், பொடியான பிறகு கைக்குத் தட்டுப்படுவதே வேறு. நிலநடுக்கப் பிளவிலும் இதுதான் நடக்கிறது. இருபுறப் பாறையும் உராய்ந்து உராய்ந்து நடுவே நொறுங்கிய பொடி சேர்கிறது. பிளவு வழுக்கிப் போகுமா, வெடுக்கென்று நகருமா என்பதில் இந்தப் பிளவுத்தூளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தேவை: ஒரு நீளப் பலகை, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பலகை, முரட்டு உப்புத்தாள், கல்லுப்பு, இரண்டு செங்கல், சைக்கிள் டியூபை வெட்டிய பட்டை, அளவுகோல், மாவு சல்லடை.

1. அடுக்குங்கள். பலகைகளின் உள்பக்கம் உப்புத்தாளை ஒட்டுங்கள். மிளகளவு கல்லுப்பை அரை விரல் உயரம் பரப்பி, சின்னப் பலகையை வைத்து, மேலே செங்கற்களை ஏற்றுங்கள்.

2. மெதுவாக இழுங்கள். டியூப் பட்டையைச் சின்னப் பலகையில் கட்டி இழுங்கள். கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: நகரத் தொடங்கும்போது பலகை ஒரு மயிரிழை மேலே எழும். நெருங்கிக் கிடக்கும் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் வழி கிடைக்கும். 1885இல் பிரிட்டன் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதியது இதைத்தான். பட்டை எவ்வளவு நீண்டபோது பலகை அசைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. நொறுக்குங்கள். செங்கல் எடை இதற்குப் போதாது. நிலத்தடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 250 கிலோ பாறை உட்கார்ந்திருக்கிறது. அதனால் செங்கல்லை எடுத்துவிட்டு, இரு கையையும் ஊன்றி ஐம்பது முறை முன்னும் பின்னும் தேயுங்கள். பிறகு சலியுங்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எல்லா மணியும் பொடியாகியிருக்காது. மாவுக்கு நடுவே சில பெரிய மணிகள் முழுசாகவே இருக்கும். தன் அளவுள்ள இன்னொரு மணியோடு மோதும் மணி சீக்கிரம் உடைகிறது; சுற்றிலும் பொடி சூழ்ந்தால் பாரம் பல பக்கமும் பரவி, அது தப்பிவிடுகிறது. பிளவுத்தூளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தாலும் இப்படித்தான், பெரிசும் சிறிசும் கலந்து கிடக்கும்.

4. கோடு போடுங்கள். இப்போது தூளுப்பைப் பரப்பி, இழுக்கும் திசைக்குக் குறுக்கே சிவப்புக் கோலப்பொடியை அடிவரை ஒரு கோடாக இறக்குங்கள். மூன்று விரற்கடை இழுத்துவிட்டு, மேல்பலகையை மெல்லத் தூக்கி, கத்தியால் வெட்டிப் பாருங்கள். கோடு சீராகச் சாய்ந்திருக்காது. பெரும்பாலும் நடுவிலோ பலகையை ஒட்டியோ மெல்லிய ஓர் அடுக்கில் அறுந்திருக்கும். நகர்வு முழுவதும் அந்த அடுக்குக்குள் ஒடுங்கிவிட்டது.

5. ஓர் இரவு விடுங்கள். நொறுங்கிய உப்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து, செங்கல் ஏற்றி, காலையில் இழுங்கள். பட்டை முந்தைய நாளைவிட அதிகமாக நீளும். மணிகள் தொடும் இடத்தில் உப்பு கரைந்து மறுபடி ஒட்டியிருக்கிறது. காய்ந்த பாறைப் பரப்புகளும் அசையாமல் இருக்க இருக்க இறுகும் என்று அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஜேம்ஸ் டீட்ரிச் 1972இல் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். இப்படி இறுகியது பட்டென்று விடும்போதுதான் நிலம் நடுங்குகிறது.

6. களிமண்ணுக்கு மாறுங்கள். கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்டு அருகே சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் துளைத்து, 2007இல் சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பிளவுத்தூளை எடுத்தார்கள். அதில் சாப்போனைட் என்ற வழுக்கும் களிமண் நிறைய இருந்தது. சாதாரணப் பாறையின் உராய்வுக் கெழு (மேலிருந்து அழுத்தும் விசையில் எத்தனை பங்கு விசையில் இழுத்தால் நகரும் என்ற எண்) 0.6 முதல் 0.85 வரை, இதற்கோ 0.2க்கும் கீழே. அசையாமல் வைத்திருந்தாலும் அது அவ்வளவாக இறுகவில்லை. அந்த இடத்தில் பிளவு பெரிய நடுக்கமின்றி ஊர்ந்துகொண்டே இருப்பதற்கு இது பொருந்துகிறது.

சாப்போனைட் சேர்ந்த களிமண் குடும்பத்துக்கு ஸ்மெக்டைட் என்று பெயர்; நாட்டு மருந்துக்கடை முல்தானி மெட்டியும் பெரும்பாலும் அதே குடும்பத்துக் களிமண்தான். அதைக் குழைத்து உப்புக்குப் பதிலாக வைத்து ஐந்தாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். ஈரம் காயாதபடி பாலிதீனில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகி, நீங்கள் அளப்பது வேறு ஏதோவாகிவிடும்.