பழைய வண்டியில் மீட்டர் முள் அசையவில்லையா? டேஷ்போர்டைப் பிரிக்கும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

பெட்ரோல் முள் வேலை செய்யாத வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. கிலோமீட்டரைக் குறித்துவைத்து, டேங்கில் இன்னும் எவ்வளவு இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டே காலத்தைத் தள்ளிவிடுவார்கள். டெம்பரேச்சர் முள்ளிலும் ஆயில் பிரஷர் முள்ளிலும் அந்தச் சமாளிப்பு நடக்காது. இன்ஜின் கொதிக்கிறது என்று சொல்ல வேண்டிய முள் படுத்துக் கிடந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போகும். சில சமயம் ஹெட்டே வளைந்துவிடும்.

முள் நின்றதும் பலர் முதலில் செய்வது, ஸ்க்ரூடிரைவரை எடுத்து டேஷ்போர்டைப் பிரிப்பது. அதைக் கடைசிக்கு வையுங்கள். இந்த மீட்டர்கள் எளிமையானவை, அவ்வளவு சீக்கிரம் சாகாது. எர்த் (கரண்ட் வண்டியின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), கனெக்டர், சென்சார் என்று மீட்டருக்கு வெளியே இருப்பவைதான் அதிகம் கெடும். தவிர, வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போதே உடையும். பிறகு அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

இங்கே சொல்வது, சென்சாரிலிருந்து வயர் நேராக மீட்டருக்கு வரும் பழைய வண்டிகளுக்கு மட்டும். கம்ப்யூட்டர் வழியாக முள் நகரும் வண்டிகளில் சென்சார் வயரை எர்த்தில் தொட்டுப் பார்க்காதீர்கள். மிகப் பழைய சில வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி இருக்கும், சிலவற்றில் பாசிட்டிவ் பக்கம் பாடியில் எர்த் ஆகியிருக்கும். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அளவுகள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிக்கானவை.

தேவையானவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயர், 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று (5 வாட்டோ அதற்கு மேலோ), நைஸ் எமரி தாள், கான்டாக்ட் கிளீனர். அந்த மாடலின் வயரிங் படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதலில் சுற்று எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சாவி போட்டதும் பியூஸ் வழியாக மீட்டருக்குக் கரண்ட் வரும். மீட்டரைத் தாண்டி ஒரே வயராகச் சென்சாருக்குப் போய், அங்கிருந்து இன்ஜின் அல்லது டேங்கின் உலோகம் வழியாக எர்த்துக்குத் திரும்பும். சென்சார் என்பது மாறும் ரெசிஸ்டர். குழாயின் திருகு போல, எவ்வளவு கரண்ட் போகலாம் என்று அதுதான் தீர்மானிக்கிறது.

படி 1: ஒன்றா, எல்லாமா?

சாவியை ஆன் செய்து எல்லா முள்ளையும் ஒரு நிமிஷம் பாருங்கள். பெட்ரோலும் டெம்பரேச்சரும் சேர்ந்தே படுத்திருந்தால் சென்சாரைத் தேடிப் போகாதீர்கள். இரண்டு சென்சார் ஒரே நாளில் கெடுவது அரிது. பியூஸ், எர்த், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் (மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜை அளவாக வைக்கும் சின்னப் பாகம்) என்று இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஒரு முள் மட்டும் கெட்டிருந்தால் நேராகப் படி 4-க்குப் போகலாம்.

படி 2: பியூஸும் எர்த்தும்

பியூஸைக் கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, அதன் முனையால் பியூஸின் இரண்டு பக்கமும் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். கண்ணாடிக் குழாய் பியூஸ் உள்ள வண்டியில் பியூஸ் நன்றாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டி எடுத்து, கிளிப்பைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் போதும்.

எர்த்துக்கு ஓம் அளவை நம்புவதைவிட வோல்டேஜ் அளவே நல்லது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டர் போர்டின் எர்த் வயரிலும் வையுங்கள். சாவியும் ஹெட்லைட்டும் ஆனில் இருக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து துடிக்கிறதா? மோசமான எர்த்துக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

படி 3: வோல்டேஜ் ஸ்டெபிலைசர்

பழைய மீட்டர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சாவி போட்டதும் முள் சட்டென்று குதித்தால் அது காந்தச் சுருள் வகை. இதற்குப் பொதுவாக ஸ்டெபிலைசர் கிடையாது. முள் சோம்பலாக, சில விநாடிகள் எடுத்து மெல்ல ஏறினால் அது பைமெட்டல் வகை. உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் சுருள் சூடாகி, இரட்டை உலோகப் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினால் இந்த வகை தப்பாகக் காட்டும் என்பதால்தான் ஸ்டெபிலைசர் வைத்தார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது சராசரியாக 10 வோல்ட் தரும். பழைய ஃபோர்டு, கிரைஸ்லர் வண்டிகளில் சுமார் 5 வோல்ட்.

பழைய ஸ்டெபிலைசர் சீரான வோல்டேஜ் தராது. உள்ளே ஒரு காண்டாக்ட் திறந்து மூடி, 12 வோல்ட்டை விட்டுவிட்டுத்தான் அனுப்பும். அதன் அவுட்புட்டில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாறுமாறாக ஓடும், பயப்பட வேண்டாம். டெஸ்ட் லாம்ப் விட்டுவிட்டு எரிந்தால் ஸ்டெபிலைசர் உயிரோடு இருக்கிறது. எரியவே இல்லை என்றால், இன்புட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். விடாமல் நின்று எரிந்தால் முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போகிறது. எல்லா முள்ளும் மேலே ஏறிக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். அப்போதும் ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போடும் முன் அதன் உடம்பு எர்த்தில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகாது, காண்டாக்ட் திறக்காது. ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் தீரும் விஷயத்துக்குப் புது பார்ட் வாங்கியவர்கள் நிறைய.

படி 4: ஒரு முள் மட்டும் கெட்டிருந்தால்

எந்தச் சோதனையையும்விட அதிகம் சொல்லிக்கொடுப்பது இந்தச் சின்ன வேலைதான். டெம்பரேச்சர் முள் என்றால், சாவி ஆஃபில் இருக்கும்போது சென்சாரின் வயரைக் கழற்றுங்கள். வயர் முனையில் 10 ஓம் ரெசிஸ்டரைக் கிளிப் செய்து, அதன் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து, முள்ளைப் பார்க்கச் சொல்லி ஒருவரை உட்கார வையுங்கள். முள் சூட்டுப் பக்கம் போனால் மீட்டரும் வயரும் நலம், சென்சார்தான் போய்விட்டது. அசையவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மீட்டரில் கோளாறு. ரெசிஸ்டர் இல்லாமல் வயரை நேராக எர்த்தில் வைத்தும் பார்ப்பார்கள். பைமெட்டல் மீட்டரில் ஓரிரு விநாடிக்கு மேல் அப்படிப் பிடித்தால் உள்ளே சுருள் எரிந்துபோகும்.

பெட்ரோல் முள்ளுக்கும் இதே சோதனைதான். ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வண்டியைப் பொறுத்தது. 1965-க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் காலிக்கு 0 ஓம், முழு டேங்குக்கு 90 ஓம். பழைய ஃபோர்டு, கிரைஸ்லர் வண்டிகளில் அப்படியே தலைகீழ்: காலிக்கு 70 ஓம் சொச்சம், முழு டேங்குக்கு 10 ஓம் போல. புது சென்சார் வாங்கும்போது இந்த அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முழு டேங்கைக் காலி என்று காட்டும்.

படி 5: சென்சார்

டெம்பரேச்சர் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது அளந்து, சூடான பிறகு மறுபடி அளந்தாலே தெரிந்துவிடும். மாற்றும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி மாட்டினால் எர்த் போய்விடும். சென்சாருக்கு எர்த் அந்த மரைதான். முள் எப்போதும் கீழேயே நின்றால் உண்மையிலேயே இன்ஜின் சூடாகாமல் இருக்கலாம்: தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். கூலண்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் முள் குறைவாகத்தான் காட்டும். ஆபத்தான பொய் அது.

டேங்க் சென்சாரில், வயரைத் தொடுவதற்கு முன் டேங்கின் எர்த்தைப் பாருங்கள். டேங்க் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனியாக ஒரு எர்த் வயர் இருக்கும். அதுதான் முதலில் துருப்பிடிப்பது. எர்த் சரி என்றால்தான் சென்சாரை வெளியே எடுக்க வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும், பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள், வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், சுற்றி நெருப்போ பொறியோ கூடாது. வெளியே எடுத்து, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய், மல்டிமீட்டரை ஓமில் வைத்து மாட்டி, சென்சாரின் ஃப்ளோட் (மிதவை) இருக்கும் கம்பியை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். அளவு படிப்படியாக மாற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று அறுந்தால், சுருளில் வைப்பர் (ஃப்ளோட் கம்பியோடு நகரும் தொடுமுனை) உராயும் தடத்தை உற்றுப் பாருங்கள்: கம்பி தேய்ந்து பளபளப்பான பள்ளம் விழுந்திருக்கும். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகுந்திருக்கிறது. முள் ஏறாததற்குக் காரணம் அதுதான். அந்த ஃப்ளோட்டைச் சால்டர் வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கதை வேறு

பழைய வண்டியில் இது கரண்ட் இல்லாமல் கேபிளில் ஓடுவது. கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, வண்டியை மெல்லத் தள்ளச் சொல்லி, உள்கம்பி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மீட்டரில் கோளாறு. சுற்றாவிட்டால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது கியர்பாக்ஸ் பக்கமுள்ள பல் தேய்ந்திருக்கிறது. முள் நடுங்குவது பெரும்பாலும் காய்ந்த கேபிள் அல்லது கூர்மையான வளைவால். உள்கம்பியை உருவி, துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் 15 சென்டிமீட்டர் மட்டும் உலர்ந்தே இருக்கட்டும். அங்கே கிரீஸ் வைத்தால் மேலேறி மீட்டருக்குள் போய்விடும்.

ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் நின்றால் சென்சார் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். இன்ஜினை அணைத்து, ஆயில் அளவைப் பார்த்து, சென்சார் இருக்கும் துளையில் மெக்கானிக்கல் கேஜ் (அழுத்தத்தைக் கரண்ட் இல்லாமல் நேராகக் காட்டும் மீட்டர்) மாட்டி அளந்த பிறகே ஓட்டுங்கள்.

படி 6: கடைசியாகத்தான் மீட்டர் போர்டு

பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடாதீர்கள், முக்கியமாக ஆம்ப் மீட்டர் இருக்கும் வண்டியில். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போவது தவிர, பேட்டரியின் கரண்ட் கிட்டத்தட்ட எல்லாம் அதன் வழியாக ஓடுகிறது. ஸ்பேனர் தவறித் தொட்டால் வயரிங் எரியும். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செம்புத் தகடு சர்க்யூட் இருந்தால், கனெக்டரின் பின்கள் மாட்டும் இடத்தையும் மீட்டர் நட்டுகளின் கீழேயும் விளக்கடியில் பாருங்கள். தலைமுடி அளவு விரிசலோ, தூக்கிக்கொண்ட தகடோ கண்ணில் படும். விரிசலின் மேல் மெல்லிய வயரை வைத்து விரைவாகச் சால்டர் செய்யலாம்; சூடு அதிகமானால் தாள் உருகிவிடும். நட்டுகளைத் தளர்த்தி, சுத்தம் செய்து, மறுபடி இறுக்கினாலே பல மீட்டர்களுக்கு உயிர் வந்துவிடும். அதற்குப் பிறகும் முள் செத்தே கிடந்தால், டெர்மினல்களுக்கு இடையே ஓம் பாருங்கள். ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, அதே மாடல் மீட்டரைத் தேடி மாற்றுவதுதான் வழி.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்க்ரூ போடுவதற்கு முன், போர்டின் எர்த்தைத் தற்காலிகமாகக் கிளிப் வயரில் கொடுத்து, பேட்டரியை இணைத்து, சாவி போட்டு ஒவ்வொரு முள்ளாகச் சோதியுங்கள். இரவு விளக்குகளின் பல்புகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு பல்புக்காக மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பது எரிச்சலான வேலை.